காதுக்கு நேராகச் சாய்த்த பெட்டி

பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மாமாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து அந்த இரண்டு ஆளும் ஒல்லி ஒருவன்தான். மாடிப்படியோ குறுகல். மாமாவின் பேஸ் கிட்டாருக்குச் சத்தம் கூட்டும் ஆம்ப் அது, ஒரு சின்ன அலமாரி அளவு இருக்கும். அதை மார்போடு அணைத்துக்கொண்டு, முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல், காலால் படியைத் துழாவித் துழாவி இறங்க வேண்டும். மாமா பேஸ் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கியபடி வழி சொல்லுவார்.

"இடது பக்கம் ஒதுங்கு. இன்னும் ரெண்டு படிதான். சுவத்துல உரசிடாத, வீட்டுக்காரர் சும்மாவே நம்மளைப் பாத்தா முறைப்பாரு."

"மாமா, நீங்க கீழ போய் நின்னாலே எனக்குப் பாதி பாரம் குறையும்."

"போறேன்டா. பெட்டி உருண்டா முதல்ல நசுங்கப்போறது நான்தானே. அந்த அக்கறைலதான் சொல்றேன்."

ஒல்லி, மாமாவுக்கு மனைவியின் தம்பி. அம்மா அப்பா போன பிறகு அக்கா வீட்டிலேயே வளர்ந்து, அங்கேயே தங்கிவிட்டவன். கிட்டார் வாசிப்பான். அந்தச் சின்ன இசைக்குழுவை நடத்துவதும் அவன்தான். பேஸ் மாமா. கீபோர்டு வாசிப்பவரை எல்லோரும் கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். கழற்றினால் எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாத அளவுக்குக் கனமான கண்ணாடி அவருடையது. டிரம்ஸுக்கும் பாட்டுக்கும் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். இந்த மூன்று பேர் மட்டும் மாறுவதில்லை.

பெட்டியை வேனில் ஏற்றிக் கயிறு கட்டும்போது அக்கா கைப்பையுடன் படியிறங்கி வந்தாள். இஸ்திரி போட்ட உடுப்பு. அவள் வேலை ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில். ஊர்ப்பட்ட படுக்கை விரிப்புகளுக்கு அவள் இஸ்திரி போடுவாள், தன் துணிக்குப் போட நேரம் இருக்காது. இன்று போட்டிருந்தாள்.

"எங்கக்கா கிளம்பிட்ட?" என்றான் ஒல்லி.

"எங்க சூப்பர்வைசரம்மா ரிடையர் ஆகுற விருந்துக்குத்தானே நீங்க வாசிக்கப் போறீங்க? நான் சொல்லித்தானே உங்களைக் கூப்பிட்டாங்க? அப்புறம் நான் வராம எப்படி?"

"உனக்கு டியூட்டின்னு சொன்ன."

"மாத்திக்கிட்டேன். எங்க செக்‌ஷன் பொம்பளைங்க மொத்தமும் வருது. எங்க வீட்டுக்காரர் உடம்பு தேறி மறுபடியும் மேடை ஏறிட்டாரு, வந்து கேளுங்கடின்னு சொல்லி வெச்சிருக்கேன்." வேன் கதவைப் பிடித்து ஏறினாள். "ஏன்டா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா. வெயில்."

மாமா முன்சீட்டில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "கல்யாணம் ஆன புதுசுல வந்து கேட்டவ. அப்புறம் இன்னைக்குத்தான் வர்றா. எனக்கே கொஞ்சம் உதறலாத்தான் இருக்கு."

ஒல்லி கயிற்றை இன்னொரு முறை இழுத்துக் கட்டினான். அது ஏற்கெனவே இறுகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். மழைக்காலத்தில் ஒருநாள், ரொட்டிக் கம்பெனி வேனை ஓட்டிக்கொண்டு போனபோது மாமாவின் வலது கை ஸ்டியரிங்கிலிருந்து தானாக நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நல்ல வேளையாகச் சீக்கிரம் பார்த்தார்கள். பேச்சு திரும்பியது, நடை திரும்பியது, கையும் மெல்ல மெல்லத் திரும்பியது. இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேஸ் வாசிக்கலாமா என்று அக்கா கேட்டதற்கு, தாராளமாக வாசிக்கட்டும், கைக்கு நல்லது என்றார். ஆக, அவருக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

திரும்பி வந்து வாசித்த முதல் கச்சேரியிலேயே தெரிந்துவிட்டது. இடது கை சுரத்தைச் சரியாகப் பிடித்தது. தந்தியைத் தட்ட வேண்டிய வலது கை பின்தங்கியது. ஒரு மயிரிழைதான். ஆனால் பேஸ் என்பது பாட்டின் நடை. அது மயிரிழை பிந்தினால் பாட்டே காலை இழுத்து நடக்கும். விழா நடத்தியவர் மேடை ஓரமாக வந்து, "என்ன தம்பி, பாட்டு நொண்டுது?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாமாவுக்கு அது கேட்கவில்லை. தன் கை பிந்துவதும் அவருக்குத் தெரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, "பழையபடி வந்துருச்சுல்ல?" என்று குழந்தை மாதிரி கேட்டார். ஒல்லி தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலில் ஆரம்பித்தது எல்லாம்.

அடுத்த கச்சேரிக்கு முன் அவனும் கண்ணாடியும் சவுண்டு அண்ணனும் கூடிப் பேசினார்கள். சவுண்டு அண்ணன், ஹாலில் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்து யார் சத்தம் எவ்வளவு என்று ஏற்றி இறக்குபவர். மேடையில் மாமாவின் காலடியில் ஒரு சின்ன இரும்பு டப்பா இருக்கும். பேஸிலிருந்து வரும் ஒயர் அதில் நுழைந்து இரண்டாகப் பிரியும். ஒன்று அவருடைய ஆம்புக்கு. இன்னொன்று மிக்ஸருக்கு, அங்கிருந்து ஹால் ஸ்பீக்கர்களுக்கு. மிக்ஸருக்குப் போகும் லைனை மூடிவிடுவது என்று முடிவானது. பேஸை கண்ணாடி தன் கீபோர்டில் இடது கையால் வாசித்துவிடுவார். மாமாவுக்குத் தன் ஆம்பில் தன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஹாலுக்கு அது போகாது.

ஆனால் ஆம்ப் மேடையில் முழங்கினால் மற்றவர்களின் தாளம் குழம்பும். அதற்கும் ஒல்லிதான் வழி கண்டான். பலகையை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடியில் ரப்பர் ஒட்டி, சாய்வாக ஒரு தாங்கி செய்தான். அதில் வைத்தால் பெட்டி மல்லாந்து மாமாவின் முகத்தைப் பார்க்கும். சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் அவருக்கு மட்டும் நன்றாகக் கேட்கும். மாமா அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். போகிற இடமெல்லாம், "என் காதுக்கு நேரா இருக்கணும்னு அவனே உக்காந்து செஞ்சான். பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யாது" என்றார். அவர் சொல்லும்போதெல்லாம் ஒல்லி கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பதுபோல் குனிந்துகொள்வான்.

ரெண்டு கச்சேரிக்கு மட்டும் என்றுதான் பேச்சு. மழை முடிந்து வெயில் வந்துவிட்டது. யாரும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

ஹால் பெரியது. தகரக் கூரை, அடியில் அட்டை அடித்திருந்தார்கள். காலையிலேயே வெந்தது. பெட்டிகளை இறக்கி, ஒயர்களை இழுத்து, டேப் ஒட்டி முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒல்லியின் ஆம்ப் சின்னது, பழைய ரேடியோ மாதிரி வால்வு போட்டது. வாசிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே போட்டுவிட்டால்தான் வால்வு சூடேறிக் குரல் சரியாக வரும். அதைப் போட்டுவிட்டு நேராக மிக்ஸருக்குப் போனான். கண்ணாடி அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னைக்கு மாமா லைனைத் திறந்து விடுங்க."

சவுண்டு அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "ஏன், கை சரியாயிருச்சா?"

"அக்கா வந்திருக்கா."

"நான் அதைக் கேக்கல. கை சரியாயிருச்சான்னு கேட்டேன்."

ஒல்லி மிக்ஸர் பக்கம் குனிந்தான். "கொஞ்சமாத் திறங்கண்ணே."

"பேஸை எப்படிடா கொஞ்சமாத் திறக்குறது? கேட்டா எல்லாருக்கும் கேக்கும்."

கண்ணாடி டீயை வைத்தார். "தோ பாரு, இங்க நம்ம வாசிப்பு பிடிச்சுதுன்னா ஆஸ்பத்திரி ஆண்டு விழாவையும் நமக்கே குடுக்குறதா சொல்லியிருக்காங்க. இன்னைக்குப் போயி நொண்டவிட்டா அது போச்சு. அதோட, உங்க அக்கா காதுல என்ன மீட்டரா மாட்டியிருக்கு? டும்முனு ஒண்ணு கேட்டா, ஆகா நம்ம வீட்டுக்காரர் வாசிக்கிறாருன்னு நினைச்சுட்டுப் போறாங்க. இஸ்திரிப் பெட்டியை டும்முனு வெச்சாலும் அவங்களுக்கு அதே டும்முதான்."

ஒல்லி சிரித்துவிட்டான். சிரித்திருக்க வேண்டாம். சொன்னதில் அப்படி ஒன்றும் சிரிப்பு இல்லை. கண்ணாடியைப் பகைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். அக்காவை வைத்துச் செய்த கேலிக்கு அவள் தம்பியே சிரித்த பிறகு லைனைத் திறக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. லைன் மூடியபடியே இருந்தது.

ஆட்கள் வந்து நிறைந்தார்கள். அக்கா தன் சிநேகிதிகளோடு முன்பக்கமாகவே உட்கார்ந்தாள். வேலை இடத்தில் நாளெல்லாம் நின்றே பழகியவர்கள் என்பதால் நாற்காலியில் உட்கார்ந்ததையே ஒரு விருந்தாக அனுபவித்தார்கள். முதல் பாட்டு முடிந்ததும் அக்கா மேடையைக் கைகாட்டிப் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். அவள் நெஞ்சில் கையை வைத்து, இங்கே வந்து இடிக்கிறது என்பதுபோல் காட்டினாள். அக்கா பெருமையாகத் தலையாட்டினாள். மாமா அதைப் பார்த்துவிட்டார். அடுத்த பாட்டை உட்கார்ந்து வாசிக்க மாட்டேன் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

பாட்டு பாதியில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஆம்ப் செத்தது.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் போய்விட்டது. மாமா பெட்டியைப் பார்த்தார். பயப்படவில்லை. காலடி டப்பாவிலிருந்து இன்னொரு லைன் மிக்ஸருக்குப் போகிறது, ஆம்ப் போனாலும் ஹாலுக்குத் தன் சத்தம் போகும் என்பது அவருக்குத் தெரியும். போவதாகவே அவருக்குப் பட்டது. பேஸ் ஹாலில் கும்மென்று கேட்டது. ஒல்லியைப் பார்த்துப் பெட்டியைக் கண்ணால் காட்டி, அது கிடக்கட்டும், நீ வாசி என்று தலையசைத்தார். பிறகு, குமிழைத் திருகிப் பார்க்கலாம் என்று வலது கையைத் தந்தியிலிருந்து எடுத்துப் பெட்டியை நோக்கி நீட்டினார்.

பேஸ் நிற்கவில்லை.

நீட்டிய கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு நிமிர்ந்து, உள்ளங்கையைத் தந்திகள்மேல் பட்டையாக வைத்து அழுத்தினார். ஒரு தந்தியும் அசைய முடியாது. ஹாலில் பேஸ் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. மாமா ஹால் ஸ்பீக்கரைப் பார்த்தார். மெல்லத் திரும்பிக் கண்ணாடியின் இடது கையைப் பார்த்தார். கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டு கட்டைகளையே பார்த்து வாசித்தார். கையை எடுக்க முடியாது. எடுத்தால் பேஸ் நின்றுவிடும்.

ஒல்லி தன் கிட்டார் தனியாக வர வேண்டிய இடம் வந்ததும் இரண்டு சுரம் தப்பினான். மாமா தன்னைப் பார்ப்பார், பேஸைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தான். போனால்கூடத் தேவலை என்று இருந்தது. மாமா அவனைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தார். அங்கே அக்கா சிநேகிதியின் காதோடு வாயை வைத்து, விரலால் தாளம் போட்டுக் காட்டி, "இதோ, இந்த டும் டும்தான்" என்று சொல்வது மேடையிலிருந்தே தெரிந்தது. மாமா விரல்களை மறுபடியும் தந்தியில் வைத்தார்.

கடைசிப் பாட்டு வரை வாசித்தார். செத்த பெட்டிக்கு முன்னால், மூடிய லைனில், ஒரு சுரம்கூட விடாமல். நடுநடுவே முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தார். நோய் வந்தபோது ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாய் அது. அதை இரண்டு பக்கமும் சமமாக விரித்துச் சிரிக்க எவ்வளவு பிரயத்தனம் வேண்டும் என்று ஒல்லிக்குத் தெரியும்.

சாப்பாட்டு மேஜையில் அக்காவின் சிநேகிதிகள் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, உடம்பு முடியாத ஆளுன்னு சொன்னாத்தான் தெரியும். என்ன அடி!"

"எனக்குப் பாட்டுகூடக் காதுல ஏறல. உங்க டும்முதான் நெஞ்சுக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு."

மாமா கையைக் கூப்பினார். "நான் என்னம்மா பண்ணேன்? எல்லாம் இவரு கைவண்ணம்." கண்ணாடியைக் காட்டினார். கண்ணாடிக்கு முகத்தில் ஈயாடவில்லை. தட்டில் இருந்த சோற்றை விரலால் அளைந்துகொண்டே இருந்தார்.

"பாத்தியா, எவ்வளவு அடக்கம்" என்றாள் ஒருத்தி.

"வீட்டுலயும் இப்படித்தான். வாயே திறக்க மாட்டாரு" என்றாள் அக்கா. அவள் முகம் மினுங்கியது. அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. ஒல்லி சாப்பிடாமல் எழுந்து கை கழுவினான்.

அக்கா சிநேகிதிகளோடு பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டாள். வேனில் மாமாவும் அவனும் மட்டும். பின்னால் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. கொஞ்ச தூரம் போன பிறகு மாமாதான் பேசினார்.

"என் லைனை மூடியிருந்தீங்களா?"

"ம்."

"இன்னைக்கா?"

ஒல்லி ரோட்டையே பார்த்து ஓட்டினான். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. யாரும் இல்லை. முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கேட்கிறவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"இன்னைக்கு மட்டும்தான் மாமா" என்றான். "அக்கா வர்றா, அவ செக்‌ஷன் மொத்தமும் வருதுன்னதும் பயந்துட்டேன். நீங்க இப்பத்தான் தேறி வர்றீங்க, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா..."

மாமா பெருமூச்சு விட்டார். சீட்டில் சாய்ந்தார். ஒல்லி ஓரக்கண்ணால் பார்த்தான். அவர் முகம் தெளிந்துவிட்டிருந்தது.

"அட கிறுக்கா. இவ்வளவுதானா? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்டா. மேடையில நிக்கும்போது எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? நான் திரும்பி வந்த நாள்ல இருந்தே இவனுங்க இப்படித்தான் பண்றானுங்களோன்னு தோணிச்சு." சிரித்தார். "புத்தி எங்கெல்லாம் போகுது பாரு. உன்னைப் போய் அப்படி நினைச்சுட்டேனேன்னு இப்ப எனக்கு வெக்கமா இருக்கு."

ஒல்லி கியரை மாற்றினான்.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? மாமா, இன்னைக்கு ஒருநாள் சும்மா நில்லுங்கன்னா நின்னிருப்பேன். சரி விடு. அக்காகிட்ட சொல்லாத. பாவம், பெருமைப்பட்டுக்கிட்டுப் போயிருக்கா."

வீட்டுக்கு வந்து பெட்டியை மாடிக்கு ஏற்றியதும் மாமா சட்டையைக் கழற்றிவிட்டுத் திருப்புளியை எடுத்தார். பின்பக்கத் தகட்டைக் கழற்றினால், ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் பற்றவைத்த இடத்தில் விட்டுத் தொங்கியது. பெரிய கோளாறு இல்லை. ஒல்லி டார்ச் பிடித்தான். மாமா சூட்டுக்கோலை வலது கையில் எடுத்தார். ஈயம் உருகிச் சரியாக ஒரு முத்துப்போல் உட்கார்ந்தது. கை நடுங்கவில்லை. ஒல்லி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

"உன் ஆம்பையும் போடு. ரெண்டு பாட்டு வாசிச்சுப் பாப்போம்" என்றார் மாமா. "மனசுல பட்டதைச் சொல்லு. இப்பவும் நான் பின்னால வர்றேனா? பழகுன மனுசன்னு பாக்காத."

ஒல்லி தன் ஆம்பைப் போட்டான். லைனை மூடிய நாளிலிருந்து மாமா வாசித்ததை அவன் கேட்கவே இல்லை. அவன் காது கண்ணாடியின் இடது கையோடு போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மனிதன் தன் பெட்டியோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தான்.

வால்வு சூடேறியது. மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தான். மாமா சேர்ந்துகொண்டார். முதல் அடியிலேயே ஒல்லி நிமிர்ந்து மாமாவின் கையைப் பார்த்தான். பிந்தவில்லை. எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. பாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. முடித்துவிட்டு வேகப்பாட்டு ஒன்றை எடுத்தான். அதில் தெரிந்தது. இரண்டாவது சுற்றிலேயே கை தளர்ந்து பின்தங்கியது. ஆக, பாதிப் பாட்டுகளுக்கு அவர் சரியாகவே இருந்திருக்கிறார். எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது. கேட்டிருந்தால்தானே தெரியும்.

"வேகம் இன்னும் வரல இல்ல?" என்றார் மாமா.

"மெதுவானது சரியா இருக்கு மாமா. சுத்தமா இருக்கு."

"அப்படின்னா சரி. வேகப்பாட்டு வந்தா நான் உக்காந்துக்கறேன். அந்த நாற்காலி அங்கேயே இருக்கட்டும். பேஸை மடியில வெச்சுக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். பாக்குறவங்க பாக்கட்டும், அதுல என்ன இருக்கு? மெதுவான பாட்டுக்கு லைனைத் திறங்க. சும்மா நின்னு ஆட்டம் காட்டுறது மட்டும் இனி வேணாம்."

வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி எப்போது படியேறி வந்தாள் என்று இருவருக்கும் தெரியாது. கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"மறுபடி ஒருதடவை வாசிங்க. அந்த மெதுவானதை."

மாமா வாசித்தார். நின்றபடியே கேட்டாள்.

"மத்தியானம் இப்படி இல்லையே" என்றாள். "சத்தம் பெருசா இருந்துச்சு, ஆனா இது இல்ல. நீங்க ஒவ்வொரு தடவையும் முடிக்கிற இடத்துல விரலைக் கொஞ்சம் வழுக்கி விடுவீங்க. அது மத்தியானம் வரவே இல்ல. நானே மனசுக்குள்ள, உடம்பு முடியாததுல அதை விட்டுட்டாரு போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"ஹால் வேற, வீடு வேற" என்றார் மாமா.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள். "மத்தியானம் வாசிச்சது யாருடா?"

மாமாதான் முந்திக்கொண்டார். "சின்ன விஷயம், பெருசு பண்ணாத. நீ வர்றேன்னு தம்பி பயந்துட்டான். இன்னைக்கு ஒருநாள் மட்டும் என் லைனை மூடிட்டு கண்ணாடி கீபோர்டுல வாசிச்சாரு. இனிமே அப்படி இல்ல, பேசி முடிச்சாச்சு."

அக்கா கைப்பையைத் தரையில் வைத்தாள். முகம் சிவந்திருந்தது.

"எல்லாத்தையும் கூட்டிட்டு வந்து காட்டினேனே. நெஞ்சுல இடிக்குதுன்னு சொன்னாளே, அவகிட்ட நாளைக்கு நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னு வேலை செய்வேன்?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அந்தக் கண்ணாடிக்குப் போன் போடு. நோயாளி மனுசனைப் பொம்மை மாதிரி நிக்க வெச்சுட்டு, பக்கத்துல உக்காந்து எப்படி சோறு இறங்குச்சுன்னு கேக்கணும்."

"அப்புறம் பேசிக்கலாம்கா."

"இப்பப் போடுடா."

"அவர் தூங்கிட்டிருப்பாரு."

"பொழுது இன்னும் சாயல. எவன் தூங்குறான்?"

மாமாவும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். "போடு. நாற்காலி விஷயத்தை நானே அவருகிட்ட சொல்லிடுறேன். எதையும் உள்ள வெச்சுக்கிட்டு இருக்க வேணாம். ஒருநாள் கூத்து, இன்னைக்கோட முடிஞ்சுபோகட்டும்."

ஒல்லி போனை எடுத்தான். எண்ணைத் தேடுவதுபோல் வீணாக விரலை ஓட்டினான். அக்கா கையை நீட்டி வாங்கி, அவளே அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, ஆம்பின்மேல் வைத்தாள். மணி போனது. எடுக்காமல் இருக்கட்டும் என்று ஒல்லி வேண்டிக்கொண்டான். கண்ணாடி எடுத்தார். பின்னால் டி.வி. சத்தம்.

"என்னடா, வீட்டுல விசாரணை ஆரம்பிச்சாச்சா? பெருசு மேடையிலயே கண்டுபிடிச்சிருச்சே! கைவண்ணம்னு சொன்னப்ப எனக்கு உசுரே இல்ல போ. ஆனா ஒண்ணுடா, மழைக்காலத்துல மூடுன லைனை இன்னைக்கு வரைக்கும் தெரியாம ஓட்டுனோம் பாரு, அதுவே பெரிய விஷயம்தான். நீ செஞ்ச அந்தச் சாய்வுப் பலகை இருக்கே, அது மட்டும் இல்லன்னா முதல் கச்சேரியிலயே மாட்டியிருப்போம். ஹலோ? ஒல்லி? லைன்ல இருக்கியா?"

அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மாமா ஒல்லியைப் பார்த்தார். வேனில் தெளிந்த அதே முகம்தான். அது அவன் கண்ணெதிரே, அவசரமே இல்லாமல், இருண்டது. கோபமாக மாறியிருந்தால் ஒல்லி அவர் காலைப் பிடித்திருப்பான். மாறவில்லை. வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ தெரியாமல் நுழைந்துவிட்டவர் மாதிரி, மாமா தன் வீட்டு நடுக்கூடத்தில் கூசிப்போய் நின்றார்.

"ஹலோ?" என்றது போன்.

மாமா குனிந்தார்.

"பெருசுதான் பேசுறேன் தம்பி" என்றார். "சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."